கேட்டு வாங்கிய வெயில் பலகை

பனுவேராவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது என்பார்கள் ஊரில். பாராட்டாகத்தான் சொல்வார்கள். அந்தப் பாராட்டு அவனை என்ன பாடு படுத்தியது என்று யாரும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஒருவன் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவன் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை.

ஜெர்மன்காரன் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவனாக இருந்தவன் பனுவேரா. இரும்புப் படியில் வழுக்கி முதுகு போனதும் கப்பல் கம்பெனி கைகழுவிவிட்டது. பசிபிக் கடலில் உள்ள கிரிபாஸ் நாட்டின் வடக்குத் தீவில் பிறந்தவன், தெற்கே மனைவி அரோயிதாவின் ஊருக்கு வந்து சேர்ந்தான். மனேபா என்கிற ஊர்க்கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார ஒரு தூணடி உண்டு. அவனுக்குச் சொந்தத் தூணடி கிடையாது. மனைவி வீட்டார் தூணடியில், எல்லோருக்கும் பின்னால், கூரை தலையில் இடிக்கிற இடத்தில் உட்காருவான். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பான்.

அவனுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. காரணம் கிணறு. அந்தத் தீவு ஒரு மணல் நாடா. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல். மார்பளவு தோண்டினால் கடல்நீர் மேல் மிதக்கிற நல்ல தண்ணீர் கிடைக்கும். அதற்குப் பத்தடி தள்ளி எவனாவது பன்றியைக் கட்டியிருப்பான், அதற்குப் பின்னால் கக்கூஸ். எல்லாம் மணலுக்குள் இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும். ஆனால் தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதுதான் அதன் அயோக்கியத்தனம். கலங்கலாக இருந்திருந்தால் யாராவது பயந்திருப்பார்கள்.

மூன்றாவதாக மேரே பிறந்தாள். அவள் பிறந்த அன்றிலிருந்து தேங்காய் மட்டையை எரித்து, தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, மூடி வைப்பதே பனுவேராவின் வேலை. முதுகு வலித்தாலும் மட்டை பொறுக்கப் போவான். இவளையும் விட்டுவிட்டால் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். மனைவியிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

அப்போதுதான் தலைநகர் தாராவாவிலிருந்து தெரீனா என்ற பெண் அதிகாரி கப்பலில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆஸ்திரேலியாவில் படித்தவள், ஆனால் அந்தத் தீவுகளில் பிறந்தவள்தான். வந்த அன்றே சேம்பும் மீனும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, ஊர்க் கிணற்றடியில் வேலையை ஆரம்பித்தாள். மேலே ஒரு டிரம். அதிலிருந்து தண்ணீர், கண்ணாடி மூடிய சாய்வான தட்டத்துக்குள் மெல்லிசாக வழிந்து இறங்கிக் குழாய்க்கு வரும். தட்டத்தின் அடியில் ஏதோ வெள்ளைப் பூச்சு பூசிய உலோகத் தகடு, அதற்கு எதிரே ஒரு எவர்சில்வர் தகடு. இரண்டிலிருந்தும் வயர் போய்ப் பக்கத்தில் இருந்த சூரியப் பலகையில் சேர்ந்தது.

"கப்பல்ல வேலை பாத்த ஆளு யாரோ இருக்காங்களாமே?" என்று கேட்டாள். பனுவேரா கையைத் தூக்கினான். அந்த ஊரில் அவன் தானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"இங்க பாருங்கண்ணே. வெயில் இந்த வெள்ளைத் தகட்டுல பட்டா, தகடு தண்ணியில இருக்கிற அழுக்க, கிருமிய எல்லாம் எரிச்சிடும். நெருப்பு இல்லாம எரிக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்க. ஆனா வெயில் மட்டும் பத்தாது. இந்தப் பலகையிலேர்ந்து கொஞ்சூண்டு கரன்ட் வந்து உந்தணும். உந்தலேன்னா தகடு சும்மா வெயில் காயும், அவ்வளவுதான்."

"நம்ம தண்ணி லேசா உப்பாச்சே. பரவாயில்லையா?"

"அது நல்லதுதான். உப்பு இருந்தாதான் கரன்ட் ஓடும். கொஞ்சம் குளோரினும் வரும். மோந்து பாருங்க, ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அந்த வாசனையும் இந்தப் பச்சை விளக்கும் இருந்தா, பெட்டி உயிரோட இருக்குன்னு அர்த்தம். பலகைய மட்டும் கண்ணு மாதிரி பாத்துக்குங்க."

அவன் கண் மாதிரிதான் பார்த்துக்கொண்டான். காலையில் பலகையை உப்புக்காற்றுப் படிந்தது போகத் துடைப்பான். தட்டத்துக் கண்ணாடியில் பாசி கட்டவிட மாட்டான். ஊருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அந்த வருஷம் கிளினிக்குக்குத் தூக்கிப்போன குழந்தைகள் குறைந்ததும் நம்பிக்கை அளவுக்கு மீறி வந்தது. அங்கங்கே தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தினார்கள். மட்டை பொறுக்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷம். அரோயிதா சொல்லிப் பனுவேராவும் நிறுத்தினான். பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து குழாயில் வாயை வைத்துக் குடித்தார்கள், நான்கு வயது மேரேயும்தான். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு பனுவேரா நிற்பான். அவன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அது.

அங்கே புபுசி என்று ஒரு வழக்கம். உறவுக்காரன் வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். சட்டை, சைக்கிள், படகு, பிள்ளை, எதுவானாலும். அரோயிதாவே அப்படிக் கேட்டு வாங்கப்பட்டுச் சித்தி வீட்டில் வளர்ந்தவள்தான். இல்லை என்றவனுக்கு மனேபாவில் முகம் கிடையாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும், கொடுத்ததைப் பற்றிப் பின்னால் முனகுவதும் அதைவிடக் கேவலம். பனுவேராவும் யாரிடமும் எதையும் கேட்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பெண்டாட்டி ஊரில் கேட்டுப் பிழைக்கிறவன் என்ற பேர் வேண்டாம் என்று, வந்த நாளிலிருந்து ஒரு தீப்பெட்டிகூட அவன் கேட்டதில்லை. அதனால் கொடுக்கல் மட்டும் நடந்தது.

அரோயிதாவின் கூடப்பிறந்த அண்ணன் ருதேரு. நல்ல குரல், பெரிய சிரிப்பு. தன்னிடம் இருப்பதை அள்ளிக் கொடுப்பான், பிறர் வீட்டில் இருப்பதையும் அதே தாராளத்தோடு அள்ளிக்கொள்வான். கிணற்றுக்கு மிக அருகில் கட்டியிருந்த பன்றிகள் அவனுடையவை. பெட்டி வந்த பிறகு, "அதான் மிஷின் இருக்கே" என்று இன்னும் இரண்டை வாங்கிக் கட்டினான். தெரீனா விட்டுப்போன மாற்றுக் குழாயை முதலில் கேட்டான், பதநீர்ப் பானைக்கு. பிறகு மாற்று எவர்சில்வர் தகட்டைக் கேட்டான். அதில் கதரீனா, அவன் பெண்டாட்டி, மீன் வறுத்தாள். பனுவேராவுக்கும் ஒரு துண்டு அனுப்பி வைத்தாள்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிக்கு முன்னால் ஒரு மத்தியானம் ருதேரு கிணற்றடிக்கு வந்தான். கூட நாலு பேர். பனுவேரா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உன் பெட்டி நாள் பூரா வெயில்லயேதான் கெடக்கு?"

"ஆமா."

"வெயிலத் தின்னுதான வேலை செய்யுது?"

"ஆமா. ஆனா..."

"அப்புறம் எதுக்குடா அதுக்கு இன்னொரு வெயில் பலகை? ஒருத்தனுக்கு ரெண்டு பொண்டாட்டி மாதிரி!" என்றான் ருதேரு. கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாட்டுப் பழக எங்க வீட்டுல விளக்கு இல்ல. போன வருஷம் பக்கத்து ஊர்க்காரனுங்க கப்பைத் தூக்கிட்டுப் போனானுங்க, ஞாபகம் இருக்குல்ல? மச்சான், அந்தப் பலகை எனக்கு வேணும்."

கேட்டாகிவிட்டது. நான்கு பேர் முன்னால் கேட்டாகிவிட்டது.

"அது இல்லேன்னா தண்ணி..." என்று ஆரம்பித்தான் பனுவேரா.

ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "கப்பல்காரன் பிசினாறியா இருப்பான்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்றான். மெதுவாகச் சொல்வதுபோல, கேட்கும்படி சொன்னான்.

பனுவேரா துணியைக் கீழே வைத்தான். திருகாணியைத் தானே கழற்றினான். வயர் நுனியில் மண் படாமலிருக்கச் சுருட்டிக்கூடக் கொடுத்தான். ருதேரு அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே போனான். பச்சை விளக்கு அணைந்திருந்தது. தண்ணீர் மட்டும் வழக்கம்போல வழிந்து இறங்கிக் குழாயில் கொட்டியது. கண்ணாடி மாதிரித்தான் இருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரி வாசனை போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. "விளக்கு ஏன் எரியல?" என்று ஒரு கிழவர் கேட்டார். "பல்பு போச்சு" என்றான் பனுவேரா. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மனேபாவில் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், பலகையைக் கொடுத்துவிட்டு அழுகிறான் பார் என்று ஆகியிருக்கும். தாராவாவிலிருந்து தெரீனா ரேடியோவில் விசாரித்தபோது, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றான். அவனுடைய மானத்தை அவன் காப்பாற்றிக்கொண்டான். ஊரில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள், அது அவனுக்குத் தெரியும். இந்த இடத்தில் அவனுக்குப் பரிந்து பேச ஒன்றுமில்லை.

வீட்டில் மட்டும் மறுபடி மட்டையை மூட்டித் தண்ணீர் காய்ச்சினான். அரோயிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இது? மிஷின் தண்ணி இருக்கையில எதுக்குப் பொகை?"

"பலகை இல்லாம மிஷின் வேலை செய்யாது."

"எங்கண்ணன் ஒரு பலகை கேட்டான், அதுக்கு உனக்கு வயிறு எரியுது. ஊரெல்லாம் இந்தப் பொகையப் பாத்து என்ன பேசும்? குடுத்துட்டுக் குத்திக் காட்டுறான்னு பேசாதா?"

"மேரே குடிக்கிற தண்ணி, அரோயிதா."

"எல்லாப் பிள்ளையும் அதத்தான் குடிக்குது. உன் பிள்ளைக்கு மட்டும் ஜெர்மன் வயிறா?"

அவள் கெட்டவள் இல்லை. இரண்டைப் புதைத்தவள் அவளும்தான். ஆனால் பெட்டி வந்த பிறகு அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டாள், மறுபடி தூக்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு சமாதானம்: அவன் புகை தெரியாமல் விடியும் முன்பே காய்ச்சி வைப்பான், அவள் கண்டும் காணாமல் இருப்பாள். மேரேயிடம், "வீட்டுத் தண்ணிதான் குடிக்கணும், குழாய்ல குடிச்சா அடிப்பேன்" என்றான். தலையாட்டினாள். நாலு வயசுப் பிள்ளை வெயிலில் ஓடியாடிவிட்டு எங்கே குடிக்கும்? மற்ற பிள்ளைகள் குடித்த இடத்தில்தான் குடித்தது.

பாட்டுப் போட்டியில் ஊர் ஜெயித்தது. ருதேருவின் வீட்டில் பலகை அப்படியே தங்கிவிட்டது. அங்கே விளக்கு எரிந்தது, ஊர் போனெல்லாம் சார்ஜ் ஏறியது, சாயங்காலம் படம் ஓடியது. யார் வந்தாலும் சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தான். பனுவேராவுக்கும் நல்ல பாயாகப் போட்டு உட்கார வைப்பான்.

மழை ஓய்ந்து புழுக்கம் வந்தபோது பிள்ளைகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஐந்தாறு பிள்ளைகள். பெரிய பிள்ளைகள் துவண்டு கிடந்து எழுந்துவிட்டன. மேரே எழவில்லை. காலையில் ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. இளநீர் கொடுத்தார்கள், கிளினிக்கில் கொடுத்திருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கலக்கிக் கொடுத்தார்கள், எதுவும் உள்ளே தங்கவில்லை. தீவின் அடுத்த முனையில் இருக்கிற கிளினிக்குக்கு ருதேருதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனான். பின்னால் பனுவேரா, முதுகைச் சாய்த்துக்கொள்ள இடமில்லாமல், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. பாதி வழியில் மேரே தண்ணீர் கேட்டாள். ருதேரு வண்டியை நிறுத்தி, தன் பாட்டிலை எடுத்து நீட்டினான். குழாய்த் தண்ணீர். பனுவேரா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளை கையை நீட்டி அழுதது. வேறு தண்ணீர் இல்லை. கொடுத்தான்.

கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர்களை உட்காரச் சொன்னாள்.

மேரேயைத் தாழம்பாயில் கிடத்தி, தலையில் பூ வைத்து, வீட்டில் வைத்திருந்தார்கள். ஊர் வந்தது, பாய் வந்தது, அரிசி மூட்டை வந்தது, பாட்டு வந்தது. பொழுது சாய்ந்ததும் ருதேரு விளக்கைக் கொண்டுவந்து கட்டினான். அந்தப் பலகையில் சார்ஜ் ஏற்றிய விளக்கு. வெள்ளை வெளேரென்று எரிந்தது. வந்தவர்கள், "என்ன வெளிச்சம், என்ன மனசு பார் அவனுக்கு" என்றார்கள். பிள்ளையின் முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. பனுவேரா ஒரு ஓரமாக உட்கார்ந்து அந்த வெளிச்சத்தில் அவளைப் பார்த்தான். விளக்கை அணைக்கச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

புதைத்த பிறகு மனேபாவில் சாப்பாடு. ருதேரு தன் பன்றிகளில் பெரியதை அறுத்திருந்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்று, நிஜமாகவே அழுதுகொண்டு பேசினான்.

"என் தங்கச்சிப் பிள்ளை போயிட்டா. என் மச்சான் இந்த ஊருக்கு வந்து இத்தன வருஷத்துல என்கிட்ட ஒண்ணுகூடக் கேட்டதில்ல. நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். மச்சான், ஊர் முன்னால சொல்றேன். என் வீட்டுல எது வேணும்னாலும் கேளு. எதுன்னாலும் உன்னுது."

பெரியவர்கள் நல்ல பேச்சு என்று தலையசைத்தார்கள். எல்லோரும் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்கள். பனுவேரா எழுந்து, கூரை இடிக்காத இடத்துக்கு, முன்னால் வந்து நின்றான். பலகையைக் கேட்பான் என்று அரோயிதா நினைத்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு மானத்தை வாங்கப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"யோவானேவைக் குடு" என்றான் பனுவேரா.

யோவானே ருதேருவின் கடைசிப் பிள்ளை. இரண்டு வயது. அம்மா கதரீனாவின் மடியில் உட்கார்ந்து பன்றி எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தான்.

ருதேரு சிரிக்கப் பார்த்தான். பனுவேராவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டான்.

"மச்சான்... அவன் இன்னும் பால் குடிக்கிறான்டா."

"கேட்டுட்டேன்" என்றான் பனுவேரா.

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "நியாயமான கேள்விதான். பிள்ளை போன வீடு, பிள்ளை கேக்குது. நம்ம வழக்கத்துல இல்லாததா?" என்றார். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். பலகையை வாங்கப் போனபோது கூடப் போய்ச் சிரித்த நாலு பேரும்கூட ஆமாம் போட்டார்கள். கதரீனா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். ருதேரு அவள் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கும் அந்த ஊரில் ஒரு தூணடி இருந்தது, அதில் அவனுக்கு ஒரு முகம் இருந்தது.

"எடுத்துக்க மச்சான்" என்றான்.

பிள்ளை வழியெல்லாம் கத்தியது. வீட்டில் அரோயிதா அதைக் கையில் வாங்கவில்லை.

"நான் கேட்டேனாடா உன்கிட்ட? என்னை இப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க. எத்தன நாள் அழுதேன் தெரியுமா? எங்கண்ணனைப் பழிவாங்க உனக்கு ஒரு பச்சப்பிள்ளைதான் கெடைச்சுதா?"

பனுவேரா பிள்ளையைக் கீழே கிடத்தினான். ஆமாம், பழிவாங்கத்தான். மனேபாவில் ருதேருவின் முகம் தொங்கியபோது பனுவேராவின் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது, அவன் தன்னிடமே அதை மறைக்கவில்லை. இப்போது அது போய்விட்டது. மேரேயின் பாயில் கிடந்து அழுகிற இந்தப் பிள்ளை மட்டும் இருந்தது. அழுது அழுது தொண்டை வறண்டதும், குழாய் இருக்கும் திசையைக் காட்டித் தண்ணீர் கேட்டது.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் ருதேரு வந்தான். தலையில் பலகை. யாரும் கேட்கவில்லை, யாரும் வரச் சொல்லவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய், குந்தி உட்கார்ந்து வயரைச் சொருகப் பார்த்தான். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகினான். பனுவேரா போய்ச் சரியாக மாட்டிக் கொடுத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"இனிமே தண்ணி நல்லாயிடும்ல மச்சான்?"

"கொஞ்ச நேரம் ஆகும். வாசனை வரணும்."

இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ருதேரு நிமிஷத்துக்கொரு தரம் குழாயில் கையேந்தி மோந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பலகை இல்லேன்னா தண்ணி கெட்டுடும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது மச்சான். நீ பிள்ளையக் கேட்டப்புறம்தான் ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். சத்தியமாத் தெரியாது. வெயில்தான் வேலை செய்யுதுன்னு நெனச்சேன்." மறுபடி குழாயில் கையேந்தினான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. பிள்ளைங்க செத்துடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே தூக்கிட்டு வந்து மாட்டியிருப்பேனே. இப்ப மாட்டல?"

பனுவேரா வாயைத் திறந்தான். நான் ஆரம்பித்தபோது நீ கேட்டாயா, உன் ஆள் பிசினாறி என்றானே, ஊர் சிரித்ததே, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் ருதேரு சொன்னது நிஜம். கேட்டிருந்தால் கொண்டுவந்திருப்பான். சிரித்துக்கொண்டே கொண்டுவந்திருப்பான். அதைத் தாங்க முடியாமல் பனுவேரா எழுந்து டிரம்மின் மறுபக்கம் போய் நின்றான்.

வாசனை வந்தது. ருதேரு ஒரு குவளை பிடித்துத் தானே முதலில் குடித்தான். இன்னொரு குவளையை அரோயிதா தூக்கி வந்திருந்த பிள்ளையின் வாயில் வைத்தான். யோவானே மடமடவென்று குடித்துவிட்டு, "அப்பா" என்று ருதேருவிடம் தாவினான். கொடுத்துவிட்ட பிள்ளை அப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. ருதேரு குவளையை அரோயிதாவின் கையில் கொடுத்துவிட்டு, கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த தன் பன்றிகளை அவிழ்த்து, அடித்து ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான்.

பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. பனுவேரா துணியை நனைத்து, பலகையில் படிந்த உப்பைத் துடைத்தான்.